நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்

மருமகன் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். நல்ல கார்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் போன ஞாயிறு ரொக்ஸ்பரோவில் அவர்கள் வீட்டு வாசலில் அதன் கதவைத் திறக்க எனக்கு நாலு நிமிடம் பிடித்தது. கைப்பிடி கதவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறதாம், தடவினால் வெளியே வருமாம். முப்பத்தொரு வருடம் கார் திருத்திய மனுசன் ஒரு கதவைத் தடவிக்கொண்டு நிற்க, பேரப்பிள்ளைகள் யன்னலில் நின்று பிரெஞ்சில் சிரித்தார்கள்.

"மாமா, உங்கடை காலத்து அமெரிக்கன் காருகளிலை அப்பிடி என்ன கிடந்தது? பெற்றோல் குடிக்கிற யானையள்" என்று மருமகன் வாயைக் கிளறினார். சும்மா இருப்பேனா? சாப்பாட்டு மேசையில் தொடங்கினேன். அரை மணித்தியாலம் கழித்து மகள், "அப்பா, இதை எழுதி வையுங்கோ, நாங்கள் பேந்து வாசிக்கிறம். சோறு ஆறுது" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய கார்களின் பிரேக் மோசம். மழையில் நனைந்தால் நிற்பதா விடுவதா என்று அதுவே யோசித்துத்தான் முடிவெடுக்கும். ஸ்டியரிங்கைக் கால்வட்டம் திருப்பிய பிறகுதான் முன் சில்லுக்கு விசயம் தெரியவரும். இந்த ஊர்ப் பனிக்கு வீதியில் கொட்டுகிற உப்பு, கீழ்த்தகட்டைப் பப்படமாக்கிவிடும். பெற்றோல் குடிப்பதைப் பற்றி மருமகன் சொன்னது பொய்யில்லை.

ஆனால் அந்த முன் இருக்கை! கதவிலிருந்து கதவு வரை ஒரே நீள இருக்கை. கியர் ஸ்டியரிங் தண்டில் இருப்பதால் நடுவில் ஒரு இடைஞ்சலும் இல்லை. மூன்று பேர் முழங்கால் இடியாமல் இருக்கலாம். புருசன் பெண்சாதிக்குள் கோபமென்றால் ஆளுக்கொரு கதவோரம். கோபம் ஆறினால் கொஞ்சம் நகர்ந்து வரலாம். இப்போதைய கார்களில் நகர்ந்தால் நடுவில் கோப்பிக் கோப்பைப் பெட்டி இடிக்கும். இதைச் செய்தவர்கள் கலியாணம் கட்டாதவர்கள் என்பது என் எண்ணம்.

முன்விளக்கைக் கூட்டிக் குறைக்க இடது காலடியில் ஒரு பொத்தான். கதவுக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி. அதை விரலால் தள்ளினால் காற்று நேராக நெஞ்சுக்கு வரும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பெற்றோல் வாய் இருக்கும் இடம். பின்பக்க நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்! பிளேட் ஒரு ஸ்பிரிங்கில் நிற்கும். கீழே மடக்கினால் மூடி. பம்புக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்ற சண்டையே இல்லை. சென்ட் லோரன்ட் கராஜில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பெற்றோல் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியொரு காரை மூன்று தரம் சுற்றி வந்தேன். முதலாளி ரெஜான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். நாலாவது சுற்றில்தான் வந்து பிளேட்டை ஒரு விரலால் மடக்கினார்.

அதற்கு முந்திய கதை சுருக்கமானது. யாழ்ப்பாணத்தில் லொறி திருத்தினேன். இங்கே வந்து சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், பகுதிநேரமாகப் பிரெஞ்சு படித்தேன், பரீட்சை எழுதினேன், ரெஜானிடம் வந்து சேர்ந்தேன். அவ்வளவுதான்.

ரெஜானைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கட்டையான மனுசன், மீசை பெரிது, குரல் சின்னது. பழைய அமெரிக்கன் கார்கள்தான் அவருடைய தொழிலும் வழிபாடும். அவர் கராஜில் ஒரு சட்டம் இருந்தது. கார் வந்ததும் பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்க்கக் கூடாது. முதலில் உள்ளே ஏறி, கண்ணாடிகளை மூடி, வானொலியை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். "எக்கூத்" என்பார். கேள் என்று அர்த்தம். எஞ்சின் ஓடும்போது கேட்க வேண்டும், நிறுத்திய பிறகும் கேட்க வேண்டும். நிறுத்திய பிறகுதான் கார் உண்மை பேசும் என்பார்.

கேட்டு முடிந்ததும் காருக்குப் பக்கத்தில் தரையில் சோக்கால் மூன்று வரி எழுத வேண்டும். என்ன கேட்டது, என்ன பிழை, யார் பொறுப்பு. அதன் பிறகுதான் ஸ்பானரில் கை வைக்கலாம். நினைத்தது பிழையென்று தெரிந்தாலும் வரியை அழிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தரை கழுவும் வரைக்கும் அது எல்லாருக்கும் முன்னால் கிடக்கும். என் பிரெஞ்சு எழுத்து கண்றாவி என்பதால் என்னைத் தமிழில் எழுதச் சொன்னார். "உங்களுக்கு விளங்காதே" என்றேன். "எழுத்து விளங்கத் தேவையில்லை. நீ நிச்சயமாக எழுதினாயா, ஊகித்து எழுதினாயா என்று கோட்டைப் பார்த்தால் தெரியும்" என்றார். உண்மைதான், ஊகித்து எழுதிய நாட்களில் மனுசன் கண்டுபிடித்துவிடுவார்.

எனக்கும் ஒரு சட்டம் இருந்தது, அது ரெஜானுக்குத் தெரியாது. வேலை முடிந்து கொடுக்கும் ஒவ்வொரு காருக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பேன். வெள்ளைக்காரன் கார், தமிழன் கார் என்று பார்ப்பதில்லை. மேற்சட்டைப் பையில் சின்னத் தகரப் பெட்டியில் சந்தனமும் குங்குமமும் எப்போதும் இருக்கும். பெயின்ற்றில் யாருடைய விரலும் படக் கூடாது என்பது ரெஜானின் கண்டிப்பு. அதனால் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து வைப்பேன். பெரும்பாலும் பெற்றோல் வாய்ப்பக்கம்.

இனித்தான் கப்பலின் கதை.

கப்பல் என்பது செல்வராசா அண்ணையின் கார். கடல்பச்சை நிறம், நாலு கதவு, எட்டுச் சிலிண்டர், லாசாலில் அவர் வீட்டு வாசலில் நின்றால் பக்கத்து வீட்டு வாசலையும் பிடிக்கும். அண்ணைக்குத் தொழிற்சாலையில் வேலை. கோடை வந்தால் சனி ஞாயிறுகளில் இந்த ஊர்த் தமிழ் மணப்பெண்கள் எல்லாரையும் கலியாணத்துக்கு அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். காசு வாங்க மாட்டார். சாப்பாடும் ஒரு சால்வையும் போதும். பின் இருக்கையில் பொம்பிளை கூறைச்சீலை கசங்காமல் இருந்து போகிற அழகைப் பார்க்க வேண்டும் என்பார்.

அவருடைய மனைவி பத்மாக்காவுக்கு அந்தக் காரைக் கண்ணிலும் காட்டக் கூடாது. ஒருநாள் ஆத்திரத்தில், "இது நடு றோட்டிலை நிண்டு உங்கடை மானத்தை வாங்கும், பாருங்கோ" என்று சொல்லிவிட்டார். அந்தக் கிழமைதான் அண்ணை பிரேக் வேலைக்காகக் காரை முதல் தடவை எங்களிடம் கொண்டுவந்தார். நான் செய்து கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை ஒரு கலியாணத்துக்குப் போகும்போது கப்பல் நடு றோட்டில் நின்றது.

எஞ்சின் இருமி இருமி அணைந்துவிட்டதாம். அரை மணித்தியாலம் விட்டு ஸ்டார்ட் அடித்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடினதாம். அந்தப் பொம்பிளை கூறைச்சீலையோடு வாடகைக் காரில் போக வேண்டி வந்தது. அண்ணை வீட்டுக்குப் போய், "உன்ரை கரிநாக்குத்தான்" என்று பத்மாக்காவைப் பிடித்து ஏசினார். அக்கா அழுதார். "இனி அந்தக் காரிலை என்ரை கால் படாது" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில் இன்னும் இரண்டு தரம் நின்றது, அடுத்த கோடையிலும் நின்றது. எல்லாம் கலியாண நாட்களில். வேலைக்குப் போக, கடைக்குப் போக ஒரு குறையும் இல்லை. எங்கள் கராஜுக்கு வந்தால் பரமசாது. நாங்கள் ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. வெய்யிலில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது என்று ரெஜான் நினைத்தார். பழைய கார்களில் அது நடக்கிற காரியம்தான். குழாய் நெடுக மரத்தாலான துணிக் கிளிப்புகளைப் பூட்டினார், மரம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்று. பத்மாக்கா கொடியில் போட வைத்திருந்ததைப் போல ஒரு டசின் கிளிப். பெற்றோல் பம்பை மாற்றினோம். காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினோம். தரையில் சோக்கு வரிகள் பெருகின, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழுவப்பட்டன. எனக்கு மனம் கேட்கவில்லை. ஒவ்வொரு தரமும் காரைக் கொடுக்கும்போது முன்னையதைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்து அனுப்பினேன்.

அடுத்த ஆண்டு அண்ணையின் ஒரே மகள் துஷிக்கே கலியாணம். அண்ணை கராஜுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, பிள்ளையை நீர்தான் கூட்டிக்கொண்டு வரோணும். நான் மண்டபத்திலை மாப்பிள்ளை வீட்டாரைப் பாக்கோணும். இது நிண்டால் திருத்தக்கூடிய ஆள் ஸ்டியரிங்கிலை இருக்கட்டும்."

"நிக்காது அண்ணை."

"அண்டைக்கும் நிண்டால் அடுத்த நாளே உடைக்கிற இடத்துக்கு அனுப்பிப்போடுவன். சத்தியமாய். பெத்த தாய் பிள்ளையோடை ஒரு காரிலை போக மாட்டன் எண்டு நிக்கிறாள். இந்த இரும்பாலை வீட்டிலை ரெண்டு வருசமாய் ஒழுங்கான கதை பேச்சில்லை." அண்ணையின் கண் கலங்கிவிட்டது.

கலியாண நாள் நல்ல ஆனி வெய்யில். அதற்கு முதல் நாள் காரை முழுதாகப் பரிசோதித்து, அண்ணை வீட்டில் விட்டு, இதுவரை வைத்ததிலேயே பெரிய பொட்டை வைத்துவிட்டு வந்திருந்தேன். அண்ணை காலையிலேயே டாங்கியை நிரப்பி வைத்திருந்தார். நான் ஸ்டியரிங்கில், பின்னால் துஷி தோழியோடு. பத்மாக்கா பின்னால் வந்த வான் வண்டியில் சொந்தக்காரரோடு. முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. வீதியில் ஆட்கள் கையசைத்தார்கள். ஒரு பஸ் சாரதி ஹோன் அடித்து வாழ்த்தினார். எனக்கே நான்தான் மாப்பிள்ளை என்ற நினைப்பு.

பாதி வழியில் கப்பல் இருமியது. இருமி, குலுங்கி, அணைந்தது.

"சா வா, அங்கிள்?" என்றாள் துஷி. எல்லாம் சரிதானே என்று கேட்கிறாள், பாவம். பிறகு மெல்ல, "அங்கிள், நிண்டதெண்டு அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. உடைக்கக் குடுத்திடுவார்" என்றாள். அந்தப் பிள்ளைக்குத் தன் முகூர்த்தத்தைவிட அப்பாவின் காரைப் பற்றித்தான் கவலை.

பின்னால் வான் நின்றது. பத்மாக்கா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். கிட்ட வந்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

"தம்பி, நீங்கள்தான் சாட்சி. காலமையிலை இருந்து நான் வாயே திறக்கேல்லை. தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டவைக்கும் தலைதான் ஆட்டினனான்."

சிரிப்பு வந்தது. பொனற்றைத் திறக்க இறங்கினேன். கால் நிலத்தில் படுவதற்கு முதல் ரெஜானின் குரல் கேட்டது போல இருந்தது. எக்கூத். திரும்ப ஏறினேன். "எல்லாரும் ரெண்டு நிமிசம் கதையாமல் இருங்கோ" என்றேன். கண்ணாடிகளை ஏற்றினேன். கண்ணை மூடினேன்.

முன்னால் ஒரு சத்தமும் இல்லை. எஞ்சின் ஆறுகிற சின்ன டிக் டிக், அவ்வளவுதான். பிறகு பின்னாலிருந்து, துஷி இருந்த இருக்கைக்கும் பின்னாலிருந்து, ஒரு சத்தம். டொங். வெறுந்தகரத்தைக் கையால் அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொங். டாங்கி! டாங்கிதான் உள்ளே சுருங்கிக்கொண்டிருக்கிறது.

பின்னால் ஓடினேன். நம்பர் பிளேட்டை மடக்கினேன். மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ் என்று காற்றை இழுத்தது, டாங்கி டொங்கென்று தன் பழைய வடிவத்துக்கு வந்தது.

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கால மூடிகளில் நட்டநடுவில் ஒரு ஊசித்துளை இருக்கும். பெற்றோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று டாங்கிக்குள் போக வேண்டும். போகாவிட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோலை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தத் துளையின் மேல், நெற்றியின் நடுவில் வைப்பது போல, காய்ந்து கல்லாகி, என்னுடைய சந்தனப் பொட்டு. ஒன்றல்ல, இரண்டு வருடப் பொட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. மற்றக் கார்களில் வாய் ஓரத்தில்தான் வைப்பேன், கப்பலில் மட்டும் மூடியிலேயே வைத்திருந்தேன்.

அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. கால் டாங்கிப் பெற்றோலோடு ஓடினால் மிச்ச இடம் முழுதும் காற்று. அது வெற்றிடமாகக் கன நேரம் எடுக்கும். கராஜில் நாங்கள் ஒரு காரையும் நிரப்பி வைப்பதில்லை. கலியாணத்துக்கு மட்டும்தான் அண்ணை விளிம்பு வரை நிரப்புவார். நிரம்பிய டாங்கியில் காற்றுக்கு இடமே இல்லை, அரை மணித்தியாலத்தில் கதை முடிந்துவிடும். அரை மணி விட்டால் காய்ந்த சந்தனத்தின் வெடிப்புகளால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், கார் ஓடும். நான் வைத்த பொட்டு. கை ராசியான மனுசன் என்று ஊரே சொல்லும், அந்தக் கை!

"என்ன தம்பி பிழை?" பத்மாக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

நகத்தால் சந்தனத்தைச் சுரண்டி எறிந்தேன். "சின்னப் பிழை அக்கா. இனி ஓடும்" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கப்பல் முதல் அடியிலேயே பிடித்தது. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்க மண்டபத்தில் இறங்கினோம். அண்ணை ஓடிவந்து என் கையைப் பிடித்து, "நிக்கேல்லைத்தானே? எனக்குத் தெரியும், உம்மடை கை அப்பிடி" என்றார். எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. தாலி கட்டும்போது எல்லாரும் பூவும் அரிசியும் எறிந்தார்கள். நான் எறிய மறந்து கைக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே எதிரே பத்மாக்கா நின்றார். இரண்டு வருடமாகக் கரிநாக்கு என்ற பெயரோடு திரிகிற மனுசி. அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

சாப்பாட்டுப் பந்தியில் வடையை இலையிலேயே விட்டேன். எழும்பிப் போய், அண்ணையும் அக்காவும் ஒன்றாக நின்ற இடத்தில் நின்றேன்.

"அண்ணை, கார் இண்டைக்கும் நிண்டது."

அண்ணையின் கண் நேரே பத்மாக்காவிடம் போனது.

"அக்காவைப் பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ. பிழை என்ரை. ரெண்டு வருசமும் என்ரை பிழைதான்." எல்லாவற்றையும் சொன்னேன், ஊசித்துளை, சந்தனம், நிரம்பிய டாங்கி, ஒன்றும் விடவில்லை.

அண்ணையின் முகம் சிவந்தது. என்னை ஏசப்போகிறார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நியாயம். பத்மாக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப என்ரை நாக்கு இல்லை?"

"இல்லை அக்கா."

அவர் புருசன் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்ல?"

"இந்தச் சபையிலை சொல்லுங்கோ. என்ரை நாக்கு இல்லை எண்டு."

செல்வராசா அண்ணை, வேட்டி சால்வையோடு, பொம்பிளையின் தகப்பன், சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டு நிற்க, "உன்ரை நாக்கு இல்லையடி பத்மா. பிழை என்ரைதான்" என்றார். பத்மாக்கா அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளைப் பிரிகிற கவலை என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

பொம்பிளை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது அண்ணைதான் ஓட்டினார். நான் முன் இருக்கையில் கண்ணாடியோரம் இருந்தேன். பத்மாக்கா கதவைத் திறந்து, "தம்பி, ஒருக்கால் இறங்குங்கோ" என்று சொல்லிவிட்டு ஏறி, புருசனுக்குப் பக்கத்தில், நடுவில் இருந்தார். நான் திரும்ப ஏறினேன். இடம் தாராளமாக இருந்தது.

"இப்ப வாய் திறந்து சொல்லுறன்," என்றார், "இந்தக் கார் ஒரு இடமும் நிக்காது. எடுங்கோ." அது நிற்கவில்லை.

திங்கட்கிழமை கராஜுக்கு எல்லாருக்கும் முதல் போனேன். கப்பல் வழக்கமாக நிற்கும் இடத்தில், வெறுந்தரையில், சோக்கால் மூன்று வரி எழுதினேன். கேட்டது: டாங்கி சுருங்கும் சத்தம். பிழை: மூடித் துளையில் சந்தனம். பொறுப்பு: நான். ரெஜான் வந்தார், குனிந்து பார்த்தார். "இன்றைக்கு எழுத்து நேராக இருக்கிறதே, வாசி" என்றார். பிரெஞ்சில் வாசித்தேன். தகரப் பெட்டியையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் வெளியே தன் காருக்குப் போய், எதையோ கழற்றிக்கொண்டு வந்தார். பயணம் போகிறவர்களைக் காக்கிற புனிதரின் சின்னப் பதக்கம். வேலை பழகுகிற காலத்தில் தானும் திருத்திய கார்களில் எல்லாம் இப்படியொன்றை இரகசியமாக ஒட்டிவிடுவாராம். அதில் ஒன்று விழுந்து, காற்று வருகிற துளையால் உள்ளே போய், ஹீற்றர் விசிறியில் சிக்கிவிட்டதாம். கார்க்காரர் கடகட சத்தமென்று திரும்ப வர, இவர் விசிறியைக் கழற்ற, பதக்கம் மடியில் விழுந்ததாம்.

"பிறகு?" என்றேன்.

"பையில் போட்டுக்கொண்டேன். விசிறி பழுது என்று என் முதலாளியிடம் சொன்னேன்." மீசையைத் தடவினார். "நீ எழுதினாய். நான் எழுதவில்லை."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. சின்னக் குரல்தானே, முன்பும் உயர்த்தியதில்லை. கப்பல் அடுத்த தடவை வந்தபோது நம்பர் பிளேட்டை மடக்கி, அதன் உட்பக்கத்தில் சோக்கால் ஒரு வட்டம் போட்டார். "உன் புள்ளிக்கு இடம் இது. மூடிக்கு வேண்டாம்" என்றார்.

கப்பல் இன்னும் ஓடுகிறது. பனிக்காலம் முழுக்க மூடிக் கிடந்து, வசந்தத்தில் வெளியே எடுக்கும்போது ஒருக்கால் பார்த்துத் தரும்படி அண்ணை இப்போதும் கூப்பிடுவார். இந்த வருடமும் போனேன். ஏறி, கண்ணாடியை மூடி, கேட்டேன். பிறகு பின்னால் போய் பிளேட்டை மடக்கினேன். சோக்கு வட்டம் எப்போதோ அழிந்துபோனது. அது இருந்த இடத்தில் அளவான, ஈரம் காயாத ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பெற்றோல் மூடியின் விளிம்பில் ஒரு துண்டு வெள்ளை டேப், அதில் பேனையால் பத்மாக்காவின் வட்டமான எழுத்து: "தம்பி, இதிலை மட்டும் வைக்காதேங்கோ."